கல்லீரலில் தழும்பு போடும் நட்சத்திரங்கள்

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும்தான். கடைசிப் பக்கத்தில், வயிற்று ஸ்கேன் பகுதியில், 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி இருக்கும். "இதெல்லாம் இப்ப எல்லாருக்கும் இருக்குதாம்" என்று சொல்லி, ரிப்போர்ட்டை மடித்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். பல வீடுகளில் கல்லீரலைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துபோகிறது.

அந்த வரி சொல்வது கொழுப்பின் அளவை மட்டும்தான். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் ஆபத்து வருவதில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் இன்னொன்றுக்கு. அது கல்லீரலில் விழும் தழும்பு. மருத்துவர்கள் அதை ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்கின்றன: தழும்பு எவ்வளவு முற்றியிருக்கிறதோ, ஆயுளுக்கு ஆபத்தும் அவ்வளவு அதிகம்.

அந்தத் தழும்பைப் போடுவது யார்? எதற்காகப் போடுகிறார்? நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால், ஒரு செல்லின் மேல்தோலில் குத்திட்டு நிற்கும் ஒரு புரதத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முழங்கால் காயமும் கல்லீரல் காயமும்

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் பட்ட காயம் நாலு வாரத்தில் ஆறிவிடும். ஆறிய இடத்தில் வெளிறிய ஒரு தழும்பு நிற்கும். கிழிந்த துணியில் ஒட்டுப் போடுவதுபோல, உடம்பு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை வைத்து அந்த இடத்தை மூடுகிறது. காயம் ஒரு தடவை பட்டது, ஒட்டும் ஒரு தடவை விழுந்தது, கணக்கு முடிந்தது.

கல்லீரலில் கதை வேறு. மது, மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைட்டிஸ் பி மற்றும் சி, அளவுக்கு மீறிச் சேர்ந்த கொழுப்பு ஆகியவை அதைத் தினமும் காயப்படுத்துகின்றன. நேற்றைய காயம் ஆறுவதற்குள் இன்றைய காயம். எனவே ஒட்டின் மேல் ஒட்டு விழுந்துகொண்டே போகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்ந்து போகும் பஞ்சு போன்ற உறுப்பு, வருடங்கள் போகப் போக நார் பாய்ந்து இறுகுகிறது.

இந்த இறுக்கத்தை 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் என்றால் தழும்பு இல்லை. நான்கு என்றால் சிரோசிஸ். அந்த நிலையில் கல்லீரல் முடிச்சு முடிச்சாகிவிடும். ரத்தம் உள்ளே நுழைய வழி இல்லாமல் திரும்பி, உணவுக்குழாயின் ரத்த நாளங்களை வீங்க வைக்கும். வயிற்றில் நீர் கோக்கும். புற்றுநோய்க்கும் வாசல் திறக்கும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கல்லீரல் விஷயத்தில் யானை வந்து வாசலில் நின்ற பிறகுதான் மணியே கேட்கிறது. மூன்றாம் நிலை வரைக்கும் பெரும்பாலானவர்களுக்கு வலியோ மஞ்சள் நிறமோ எதுவும் இருக்காது.

ஒரு செல், மூன்று பெயர்

1876-ல் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் கூப்ஃபர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர், கல்லீரல் துண்டுகளைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கை கால்களை நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு சில செல்கள் கறுப்பாகத் தெரிந்தன. நட்சத்திர செல்கள் என்று பெயர் வைத்தார். அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்குப் புரியவில்லை. பிற்காலத்தில் கிருமிகளை விழுங்கும் வேறு வகைச் செல்களோடு இவற்றைக் குழப்பிக்கொண்டார். அந்த விழுங்கும் செல்களுக்குத்தான் இன்று 'கூப்ஃபர் செல்' என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

1951-ல் ஜப்பானின் டோஷியோ இடோ, கல்லீரலில் கொழுப்புத் துளிகளைச் சுமக்கும் சில செல்களை விவரித்தார். அவற்றை 'இடோ செல்' என்றார்கள். 1971-ல் இன்னொரு ஜப்பானியரான கென்ஜிரோ வாகே, கூப்ஃபரின் பழைய தங்க முறையையே மறுபடி கையில் எடுத்தார். கூப்ஃபர் பார்த்ததும், இடோ பார்த்ததும், வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைப்பதும் ஒரே செல்தான் என்று நிரூபித்தார். எல்லோரும் ஒரே பெயரில் அழைக்கலாம் என்று 1996-ல் முடிவானது. கூப்ஃபர் வைத்த நட்சத்திரப் பெயரே ஜெயித்தது.

கல்லீரலில் இருக்கும் செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுதான் இந்த நட்சத்திர செல்கள். உடம்பின் வைட்டமின் ஏ-யில் பாதிக்கும் மேல் இவற்றிடம்தான் இருக்கிறது. ஆரோக்கியமான கல்லீரலில் இவை பரம சாது. வைட்டமினைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

கல்லீரல் காயப்பட்டால் இந்தச் சாது வேறு ஆளாகிவிடும். வைட்டமின் துளிகளை இழக்கும். உருவம் நீளும். தசையைப் போலச் சுருங்கும் சக்தி வரும். காயப்பட்ட இடம் நோக்கி நகரும், பெருகும், கொலாஜனைக் கொட்டும். கல்லீரல் தழும்பின் பெரும்பகுதியைப் போடுபவர் இவர்தான்.

அழைப்பு மணி

ஓரமாக உட்கார்ந்திருந்தவரை எழுப்பியது யார்?

இதற்கான விடையின் ஒரு பாதி, கல்லீரலைப் பற்றியே யோசிக்காத ஓர் ஆய்வில் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் என்ற ஆய்வாளர், ரத்தக் குழாய் அடைப்பு ஏன் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ரத்தம் உறைந்த பிறகு கிடைக்கும் தெளிநீரில் போட்டால் ரத்தக் குழாயின் தசைச் செல்கள் வேகமாகப் பெருகின. உறையாமல் பிரித்தெடுத்த தெளிநீரில் அப்படிப் பெருகவில்லை. வித்தியாசம் பிளேட்லெட். ரத்தம் உறையும்போது அந்தத் தட்டணுக்கள் உடைந்து ஏதோ ஒரு 'வளரு' கட்டளையைக் கொட்டுகின்றன என்று 1974-ல் அவருடைய குழு காட்டியது. அந்தக் கட்டளைப் புரதத்துக்குப் பிறகு பி.டி.ஜி.எஃப். என்று பெயர் வந்தது. பிளேட்லெட் தரும் வளர்ச்சிக் காரணி என்று பொருள்.

கட்டளை இருந்தால் போதாது, கேட்கும் காது வேண்டும். ஒவ்வொரு செல்லின் மேல்சவ்விலும் அப்படிப்பட்ட புரதங்கள் இருக்கின்றன. ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. இவற்றை ஏற்பிகள், அதாவது ரிசப்டார்கள் என்கிறார்கள். வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியைப் போல: பொத்தான் வெளியே, ஓசை உள்ளே. வெளியே வந்தவர் உள்ளே நுழைய வேண்டியதே இல்லை.

பி.டி.ஜி.எஃப்.-ஐக் கேட்கும் ஏற்பிகளில் 'பீட்டா' வகைதான் நட்சத்திர செல்லுக்கு முக்கியம். இதில் ஒரு சுவாரஸ்யம். பி.டி.ஜி.எஃப். மூலக்கூறுக்கு இரண்டு பக்கம் உண்டு. அது வந்து இரண்டு ஏற்பிகளை ஒரே நேரத்தில் பிடித்து அருகருகே இழுக்கிறது. அருகில் வந்ததும், செல்லுக்கு உள்ளே இருக்கும் அவற்றின் வால்பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் என்ற ரசாயன முத்திரையைக் குத்துகின்றன. முத்திரை விழுந்த இடத்தில் மற்ற புரதங்கள் வந்து ஒட்ட, செய்தி கை மாறிக் கை மாறி செல்லின் கருவுக்குப் போய்ச் சேர்கிறது. 'பெருகு, நகரு' என்பதுதான் அந்தச் செய்தி.

சாதுவாக இருக்கும்போது நட்சத்திர செல்லில் இந்த பீட்டா ஏற்பி மிகக் குறைவு. கல்லீரல் காயப்பட்டதும் செல் தன் மேல் இந்த ஏற்பிகளை ஏராளமாக நட்டுக்கொள்கிறது. மணி அதிகம் என்பதால் லேசாகத் தொட்டாலும் ஓசை பலமாகக் கேட்கிறது. தட்டணுக்களும் கூப்ஃபர் செல்களும் பி.டி.ஜி.எஃப்.-ஐக் கொட்டுகின்றன. போதாக்குறைக்கு விழித்துக்கொண்ட நட்சத்திர செல்லே அதைத் தயாரிக்கவும் ஆரம்பித்துவிடுகிறது. தன் வீட்டு மணியைத் தானே அடித்துக்கொள்ளும் நிலை. தழும்பு ஏன் ஒரு கட்டத்துக்குப் பிறகு வேகம் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

டி.ஜி.எஃப். பீட்டா என்று இன்னொரு கட்டளையும் உண்டு. பி.டி.ஜி.எஃப். ஆட்களைக் கூட்டுகிறது என்றால், டி.ஜி.எஃப். பீட்டா அந்த ஆட்களிடம் 'நாரை இறக்கு' என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தழும்பு வேலை மும்முரமாகும்.

மணியைக் கழற்றிவிடலாமா?

ஏற்பியை அடைத்துவிட்டால் தழும்பு நின்றுவிடுமே என்று யாருக்கும் தோன்றும். அடைக்கும் மருந்துகளும் கைவசம் உண்டு. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், இந்த ஏற்பியையும் சேர்த்தே அடைக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் சோரஃபெனிப்பும் அப்படித்தான். எலிகளில் இமாடினிப் கொடுத்தபோது ஆரம்பகட்டத் தழும்பு குறைந்தது.

ஆனாலும் கல்லீரல் தழும்புக்கு இவற்றை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. காரணம், இந்த மணி கல்லீரலில் மட்டும் இல்லை. நுண் ரத்தக் குழாய்களைச் சுற்றித் தாங்கிப் பிடிக்கும் செல்கள் உருவாகவும் இதே ஏற்பி வேண்டும். பீட்டா ஏற்பி அறவே இல்லாமல் எலிகளை உருவாக்கியபோது, அவை பிறக்கும் தறுவாயிலேயே ரத்தக் கசிவோடும் சிறுநீரகக் கோளாறோடும் இறந்தன. 1994-ல் வெளியான ஆய்வு இது. உடம்பில் ஏற்படும் காயங்கள் ஆறவும் இந்த ஏற்பி தேவைப்படுகிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர் வருடக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியவர். ஊரில் உள்ள எல்லா மணிகளையும் அத்தனை காலம் அணைத்து வைக்க முடியாது.

எனவே ஆய்வாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். மணியை உடைப்பதற்குப் பதில், அதை வீட்டு முகவரியாகப் பயன்படுத்தினால் என்ன? விழித்த நட்சத்திர செல்லின் மேல் இந்த ஏற்பி மிக அதிகமாக இருக்கிறது அல்லவா? நெதர்லாந்து ஆய்வாளர்கள், பீட்டா ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு சிறு புரதத்துண்டின் முதுகில் இன்டர்ஃபெரான் மருந்தை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தினார்கள். மருந்து தழும்பு போடும் செல்லுக்கே போய்ச் சேர்ந்தது, தழும்பும் குறைந்தது.

2013-ல் நீல் ஹெண்டர்சன், டீன் ஷெப்பர்ட் குழுவினர் இதே முகவரியை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். பீட்டா ஏற்பி உள்ள செல்களில் மட்டும், டி.ஜி.எஃப். பீட்டாவைத் தட்டி எழுப்பும் ஒரு வகை இன்டெக்ரின் புரதத்தை நீக்கினார்கள். எலிகளின் கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் தழும்பிலிருந்து பெரிதும் தப்பின. இவை எல்லாம் எலிகளில் கிடைத்த வெற்றிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. தழும்பை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் பல, மனிதர்களிடம் வந்தபோது சறுக்கியிருக்கின்றன.

மணி அடிப்பவரை நிறுத்துவது

இதுவரை மனிதர்களிடம் ஜெயித்தவை, மணியைத் தொடாமல் மணி அடிப்பவரைக் கவனித்த மருந்துகள். 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெடிரோம் கல்லீரல் செல்களில் உள்ள வேறோர் ஏற்பியை, தைராய்டு ஹார்மோனின் பீட்டா ஏற்பியை, தூண்டுகிறது. கல்லீரல் தன் கொழுப்பை எரிக்கிறது; காயம் குறைகிறது; நட்சத்திர செல்களுக்கு அழைப்பு குறைகிறது. 966 பேரிடம் நடந்த சோதனையில், 52 வாரங்களுக்குப் பிறகு ஏறக்குறைய நூற்றுக்கு 24 முதல் 26 பேருக்குத் தழும்பு ஒரு நிலையாவது இறங்கியிருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது நூற்றுக்கு 14.

சர்க்கரைக்கும் எடைக்கும் தரப்படும் செமாகுளுடைடுக்கு 2025 ஆகஸ்டில் அதே அனுமதி கிடைத்தது. முதல் 800 பேரில், 72 வாரங்களில், நூற்றுக்கு 37 பேருக்குத் தழும்பு இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களில் 22. இந்த மருந்து தேடும் ஏற்பி கல்லீரல் செல்களில் இல்லை என்றே சொல்லலாம். பசியையும் எடையையும் சர்க்கரையையும் குறைத்து, சுற்று வழியில் கல்லீரலைக் காப்பாற்றுகிறது. இரண்டுமே மருத்துவர் பார்த்து, அளவு சொல்லித் தர வேண்டியவை. முற்றிய சிரோசிஸுக்கு இவற்றில் எதற்கும் இந்த அனுமதி இல்லை.

காயத்தை நிறுத்தினால் பழைய தழும்பு கரையுமா? கரையும் என்பதுதான் சமீப காலத்தின் பெரிய ஆறுதல். சிரோசிஸ் வந்தால் திரும்ப வழியே இல்லை என்று ஒரு காலத்தில் பாடப் புத்தகங்கள் சொல்லின. 2013-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி கல்லீரல் துண்டைப் பார்த்தது. ஆரம்பத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது அப்போது சிரோசிஸாக இல்லை. வைரஸ் அடங்கியதும் விழித்திருந்த நட்சத்திர செல்களில் ஒரு பகுதி மடிந்துபோகிறது. ஒரு பகுதி மறுபடி சாதுவாகிறது. நாரை அரிக்கும் என்சைம்கள் மிச்ச வேலையைப் பார்க்கின்றன. முழுதாக அல்ல, எல்லோருக்கும் அல்ல. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் நாலு எண்கள்

சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. பெயர் ஃபிப்-4. தேவையானவை வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் மதிப்பெண் வரும்.

உதாரணமாக வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 58-ஐ 40-ஆல் பெருக்கினால் 2,320. பிளேட்லெட் 160, 36-ன் வர்க்கமூலம் 6, பெருக்கினால் 960. வகுத்தால் 2.42. மதிப்பெண் 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு மேலே போனால் அடுத்த பரிசோதனை தேவை. இந்த உதாரணத்தில் உள்ள எந்த எண்ணையும் லேப் ரிப்போர்ட் சிவப்பில் காட்டியிருக்காது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் 'நார்மல்'. சேர்த்துப் பார்த்தால்தான் சந்தேகம் எழுகிறது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்ற எல்லையை வைத்துப் பார்க்கிறார்கள். 35-க்குக் கீழே இந்தக் கணக்கு சரிவர உதவாது. மதிப்பெண் அதிகம் என்பதாலேயே தழும்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து லேசான அதிர்வை அனுப்பி, அது கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். இறுகிய கல்லீரலில் அதிர்வு வேகமாக ஓடும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள், தொடர்ந்து மது அருந்துகிறவர்கள், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர்கள் ஆகிய நால்வரும் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாதவர்கள். வைரஸ் விஷயத்தில் செலவைப் பற்றிய தயக்கம் வேண்டாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுவிட்டால், அந்தக் குழந்தையின் கல்லீரலில் ஒரு பெரிய காரணத்தையே அடைத்துவிட்டதாக அர்த்தம்.

கொழுப்புக்கு என்ன வழி? கியூபாவில் 293 பேர் 52 வாரங்கள் உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிப் பார்த்தார்கள். உடல் எடையில் பத்து சதவிகிதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு அழற்சி அடங்கியது. 45 பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. அந்த அளவு குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. எனவே எடை குறையவில்லையே என்று சோர்ந்து போக வேண்டியதில்லை. ஐந்து சதவிகிதம் குறைந்தாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கிறது. மதுவைப் பொறுத்தவரை, தழும்பு விழத் தொடங்கிவிட்ட கல்லீரலுக்கு 'அளவோடு' என்ற சலுகை கிடையாது.

விழித்த நட்சத்திர செல்லை மட்டும் தேடிப் போய் அமைதிப்படுத்தும் மருந்து ஒருநாள் வரலாம். அதுவரை பீரோவில் இருக்கும் ரிப்போர்ட்டை வெளியே எடுத்து அந்த நாலு எண்களைப் பார்க்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது 'கொழுப்பு எந்த கிரேடு?' என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: 'டாக்டர், தழும்பு இருக்கா?'